ஈர்ப்பு அலை எச்சரிக்கை வந்தபின் எந்தத் தொலைநோக்கி எங்கே பார்க்க வேண்டும்: நான்கு மென்பொருள்களின் மதிப்புரை

இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது எழும் ஈர்ப்பு அலை பூமியை எட்டியதும், அந்த மோதலின் ஒளியைத் தேடி உலகெங்கும் உள்ள தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் திரும்புகின்றன. ஒன்று செய்த வேலையை மற்றொன்று மீண்டும் செய்யாமலும், வானத்தின் ஒரு பகுதி எவர் கண்ணிலும் படாமல் விடுபட்டுப் போகாமலும் பார்த்துக்கொள்வதற்கென்றே சில மென்பொருள்கள் உருவாகியிருக்கின்றன. கேப்டவுனில் இருந்துகொண்டு சதர்லாந்து மேட்டுநிலத்துத் தொலைநோக்கிகளின் தரவுகளோடு அன்றாடம் புழங்குகிறவன் என்ற முறையில், டிரெஷர் மேப், ஸ்கைபோர்ட்டல், டாம் டூல்கிட், ஆஸ்ட்ரோ-கொலிப்ரி ஆகிய நான்கையும் இங்கே மதிப்பிடுகிறேன். நான்கும் வானியல் ஆய்வு உலகிலேயே வளர்ந்தவை. எதற்கும் கட்டணம் கிடையாது.

இவற்றை மதிப்பிட நான் முதன்மையாகக் கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான். ஒரு தொலைநோக்கி வானில் ஓரிடத்தைப் பார்த்தது, இன்ன ஆழம் வரை, அதாவது இவ்வளவு மங்கிய பொருள் வரை பார்த்தது, அங்கே புதிதாக ஒன்றும் இல்லை என்ற செய்தியை மற்ற குழுக்களிடம் கொண்டுசேர்ப்பதை அந்த மென்பொருள் எவ்வளவு எளிதாக்குகிறது? கண்டுபிடித்தவர்கள் தாமாகவே அறிவித்துவிடுவார்கள். அதற்கு மென்பொருளின் தூண்டுதல் வேண்டியதில்லை. கண்டுபிடிக்காதவர்கள் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை, அடுத்த தொலைநோக்கி அதே இடத்தை மறுபடி பார்த்து விலைமதிப்பற்ற இரவு நேரத்தைச் செலவழித்துவிடுகிறது.

2017 ஆகஸ்ட் 17 அன்று நடந்ததை நினைவுபடுத்திக்கொண்டால் இந்த அளவுகோலின் காரணம் விளங்கும். உலக நேரம் 12:41க்கு, அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் ஈர்ப்பு அலைக் கருவிகள் கொண்ட லைகோவும் இத்தாலியில் உள்ள விர்கோ கருவியும் ஜிடபிள்யூ170817 என்று இன்று அழைக்கப்படும் அலையைப் பதிவுசெய்தன, 1.7 விநாடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் காமா கதிர் வெடிப்பைக் கண்டது. மூன்று ஈர்ப்பு அலைக் கருவிகளின் தரவையும் சேர்த்து, மோதல் வானில் எங்கே நடந்திருக்கலாம் என்று கணித்த வான் வரைபடம் 17:54க்கு வெளியானது. தென்னாப்பிரிக்க நேரப்படி அது இரவு 7:54. சதர்லாந்தில் சூரியன் மறைந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகி நன்றாக இருட்டியிருந்த வேளை. மோதல் நடந்த என்ஜிசி 4993 என்னும் விண்மீன் மண்டலம் அப்போது நமது மேற்கு வானில் ஏறத்தாழ 38 பாகை உயரத்தில் நின்றது, அது 20 பாகைக்குக் கீழே இறங்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஒளியை முதலில் படம்பிடித்தது சிலியின் லாஸ் காம்பனாஸில் உள்ள ஸ்வோப் தொலைநோக்கி, உலக நேரம் 23:33க்கு. அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மேலும் ஐந்து குழுக்கள் தென்னமெரிக்காவிலிருந்தே அதே புள்ளியைத் தனித்தனியே படம்பிடித்தன. ஆறு குழுக்கள் ஒரே இடத்தை ஒருவரையொருவர் அறியாமல் பார்த்திருக்கின்றன என்பது அறிவியலுக்கு நல்ல உறுதிப்பாடுதான். ஆயினும் 130 மில்லியன் ஒளியாண்டு தொலைவில், 30 சதுர பாகை அளவிலான சிறிய பரப்புக்குள் அமைந்த நிகழ்வில் மட்டுமே அந்த ஆடம்பரம் கட்டுப்படியாகும்.

2019 ஏப்ரல் 25 அன்று வந்த அடுத்த நியூட்ரான் விண்மீன் மோதல் அதைக் காட்டியது. அன்று ஹான்ஃபோர்டு கருவி இயங்கவில்லை, விர்கோவில் குறிகை மிகவும் வலுக்குன்றியிருந்தது, லிவிங்ஸ்டன் ஒன்றை மட்டுமே நம்ப வேண்டியிருந்தது. முதல் வரைபடம் 10,000 சதுர பாகைக்கு மேல், அதாவது முழு வானத்தில் ஏறத்தாழ கால் பங்கு. அதன் ஒளி இறுதிவரை கிடைக்கவே இல்லை. யார் எங்கே பார்த்தார்கள் என்பதைப் பிற்பாடு தொகுக்க விரும்புகிறவர், வானியல் குழுக்கள் தம் அவதானிப்புகளை அறிவிக்கும் ஜிசிஎன் சுற்றறிக்கைகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். நாசாவின் கோடார்ட் மையம் நடத்தும் அந்தச் சேவையின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 2022 முதல் காஃப்கா என்னும் தரவோடை வழியாக இயந்திரம் படிக்கத்தக்க அறிவிப்புகளையும் அது வழங்குகிறது, கீழே நான் குறிப்பிடும் எல்லாமே அதன் தோளில்தான் நிற்கின்றன. எனினும் சுற்றறிக்கை என்பது மனிதர் மனிதருக்கு எழுதும் உரைநடை. ஒரு குழு ஆயங்களை அட்டவணையாகக் கொடுக்கும், இன்னொரு குழு வரைபடத்தின் இத்தனை விழுக்காட்டைப் பார்த்தோம் என்று ஒரே வரியில் முடித்துவிடும். அந்த ஒரு வரியிலிருந்து எந்தப் பகுதி விடுபட்டது என்று எந்த நிரலாலும் கணக்கிட முடியாது.

இந்தக் குறையை நேராக எதிர்கொண்ட மென்பொருள் டிரெஷர் மேப். அரிசோனா பல்கலைக்கழகத்தையும் வேறு சில நிறுவனங்களையும் சேர்ந்த வானியலாளர்கள் உருவாக்கி 2020இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்ட இந்தத் தளம் ஒரே வேலையை எடுத்துக்கொண்டு அதைச் சரியாகச் செய்கிறது. பதிவுசெய்துகொண்ட பயனருக்கு ஒரு டோக்கன், அதாவது அணுகல் குறியீடு, கிடைக்கும். அதைக் கொண்டு நிகழ்வின் பெயர், கருவியின் எண், நோக்கிய இடத்தின் ஆயங்கள், நேரம், ஒளி வடிகட்டி, எட்டிய ஆழம் ஆகியவற்றை ஜேசான் என்னும் தரவு வடிவில் சிறிய தொகுப்பாக அனுப்பினால் போதும். ஒவ்வொரு நோக்கலுக்கும் திட்டமிட்டது, முடிந்தது, கைவிட்டது என்ற மூன்று நிலைகளில் ஒன்றைக் குறிக்கலாம். திட்டமிட்டது என்ற நிலையை வைத்ததில்தான் இதை அமைத்தவர்களின் அனுபவம் தெரிகிறது. சிலியில் இரவு தொடங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்பே நமக்கு இருட்டிவிடுகிறது. நாம் எந்தப் புலங்களை, அதாவது வானப் பகுதிகளை, எடுக்கப்போகிறோம் என்பதை மாலையிலேயே பதிந்துவிட்டால் அவர்கள் தங்கள் வரிசையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள முடியும். மேகம் வந்து நமது வேலை கெட்டால் கைவிட்டது என்று மாற்றிவிடலாம், அந்த இடைவெளியும் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

நிகழ்வின் பக்கத்தைத் திறந்தால் அலாதின் லைட் என்னும் இணைய வானப்படத்தின் மேல், மோதல் நடந்த இடம் உள்ளே இருக்க 50, 90 விழுக்காடு வாய்ப்புள்ள எல்லைக்கோடுகளும், ஒவ்வொரு கருவியும் பார்த்த இடங்களும் தனித்தனி நிறங்களில் தெரிகின்றன. புள்ளிகளாக இல்லாமல் கருவியின் உண்மையான நோக்குப் புல வடிவத்திலேயே அவை வரையப்படுவதால், 2.7 சதுர பாகை பார்க்கும் நமது மீர்லிக்ட் தொலைநோக்கியின் பெரிய சதுரத்துக்கும், ஒரு விண்மீன் மண்டலத்தை மட்டும் குறிவைக்கும் கருவியின் பொட்டளவு கட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பார்த்தவுடனே புரிகிறது. நேரப் பட்டையை நகர்த்தினால் மோதலுக்குப் பிந்தைய முதல் சில மணி நேரத்தில் மூடப்பட்ட பகுதி எது, மறுநாள்வரை காலியாகக் கிடந்தது எது என்பதைக் காணலாம். மொத்த நிகழ்தகவில் எத்தனை விழுக்காடு, எத்தனை சதுர பாகை, எந்த நேரத்துக்குள் பார்க்கப்பட்டது என்று கணக்கிட்டு வரைகோடாகக் காட்டும் வசதியைத்தான் நான் மிக அதிகமாகப் பயன்படுத்துகிறேன்.

அந்த வரைகோட்டைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 2017இன் கிலோநோவா, அதாவது அந்த மோதலில் எழுந்த ஒளி, கண்டுபிடிக்கப்பட்டபோது ஏறத்தாழ 17ஆம் ஒளிப்பருமனில் இருந்தது (எண் கூடக்கூட ஒளி மங்கும்). அதே பொருள் நான்கு மடங்கு தொலைவில், 2019 ஏப்ரல் நிகழ்வு இருந்த தூரத்தில் வைக்கப்பட்டால் மூன்று ஒளிப்பருமன் மங்கி 20ஐத் தாண்டிவிடும். 18 வரை மட்டுமே எட்டும் சிறு கருவிகள் வானத்தில் பாதியை மூடியிருந்தாலும், அந்தத் தூரத்தில் அவை பார்த்ததும் பார்க்காததும் ஒன்றே. ஆழத்தை வைத்து வடிகட்டிய பின்னரே விழுக்காட்டை நம்ப வேண்டும். வடிகட்டும் வசதி தளத்தில் இருக்கிறது, அதைத் தொடாமல் முதலில் தோன்றும் எண்ணை அப்படியே எடுத்துப் பேசுகிறவர்களைக் கூட்டங்களில் அடிக்கடி காண்கிறேன். ஆழம் என்ற விவரத்தைப் பதிவுசெய்வோர் மேலும் பொறுப்போடு நிரப்ப வேண்டும். மேகம் படர்ந்த இரவிலும் வழக்கமான ஆழத்தையே எழுதிவிடும் பழக்கம் இந்தத் தளத்தின் பயனையே அரித்துவிடும்.

டிரெஷர் மேப்பின் பெரிய வலுவின்மை அதன் கட்டுப்பாட்டில் இல்லாதது: பதிவு தன்விருப்பம் சார்ந்தது, போட்டியுணர்வு மிகுந்த குழுக்கள் தாமதித்துப் பதிகின்றன, சில பதிவதே இல்லை. பதிந்த நோக்கல்களுக்கு ஜெனோடோ என்னும் ஆய்வுத் தரவுக் களஞ்சியம் வழியாக மேற்கோள் காட்டத்தக்க நிலையான அடையாள எண்ணைப் பெறும் வசதியை இதற்கு மருந்தாகவே தந்திருக்கிறார்கள் என்று எண்ணுகிறேன். ஒன்றும் கிடைக்காத இரவைப் பதிந்த இளம் ஆய்வாளருக்கும் அதனால் பெயர் கிடைக்கிறது. மேற்பார்வையாளர்கள் இதை வலியுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்துச் சொல்ல வேண்டியது, தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டுமே உறைக்கக்கூடிய ஒன்று. நமது சால்ட் தொலைநோக்கி 91 கண்ணாடித் துண்டுகளால் ஆன, ஏறத்தாழ 11 மீட்டர் குறுக்களவுள்ள ஆடியைக் கொண்டது. அந்த ஆடி உச்சியிலிருந்து 37 பாகை சாய்ந்த நிலையில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. கிடைமட்டமாகச் சுழலும், மேலும் கீழும் அசையாது. ஆகவே வானில் 47 பாகைக்கும் 59 பாகைக்கும் இடைப்பட்ட உயரத்தில் உள்ள ஒரு வளையம்தான் அதன் உலகம். ஒரு பொருள் கிழக்கே ஏறும்போதும் மேற்கே இறங்கும்போதும் அந்த வளையத்தைக் கடக்கும் நேரங்களில் மட்டுமே அதைப் பிடிக்க முடியும். இத்தகைய மென்பொருள்கள் வழக்கமாக வரையும் உயரக் கோடும், 30 பாகைக்கு மேலே இருந்தால் பார்க்கலாம் என்ற பொது விதியும் சால்ட்டுக்குச் சிறிதும் பொருந்தாது. 2017 ஆகஸ்ட் 17 அன்று மாலை என்ஜிசி 4993 இரவு 7:15 வாக்கிலேயே அந்த வளையத்தை விட்டு இறங்கிவிட்டது. வரைபடம் வந்ததோ அதற்கு 40 நிமிடம் கழித்து. அடுத்த இரு மாலைகளிலும் அந்தி வெளிச்சம் முழுதும் அடங்காத நேரத்திலேயே சால்ட் அதன் நிறமாலையை எடுக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட தொலைநோக்கியை நம்பியிருக்கும் குழு, எந்த மென்பொருளை எடுத்தாலும், அதில் சொந்த விதியை எழுதிச் சேர்க்க இடம் உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அந்த வகையில் எனக்குப் பிடித்தது டாம் டூல்கிட். லாஸ் கும்ப்ரெஸ் வானாய்வகம் உருவாக்கிய இது முடிந்த பொருளாக வருவதில்லை. பைதான் மொழியிலும் அதன் ஜாங்கோ வலைச் சட்டகத்திலும் எழுதப்பட்ட அடித்தளமாக வருகிறது. நிறுவி, ஒரு கட்டளையை ஓட்டினால் இலக்குகளின் பட்டியல், அவதானிப்புக் கோரிக்கைகள், வந்த தரவுகள் ஆகியவற்றை நிர்வகிக்கும் வலைத்தளம் கணினியில் எழுந்து நிற்கும். ஒவ்வொரு தொலைநோக்கியும் தனித் தொகுதியாக இணைக்கப்படுவதால், பைதான் தெரிந்த மாணவர் ஒருவர் சால்ட்டின் வளைய விதியைச் சில நாட்களில் எழுதிவிடலாம். சதர்லாந்தில் லாஸ் கும்ப்ரெஸின் ஒரு மீட்டர் தொலைநோக்கிகள் மூன்று இருக்கின்றன. அவற்றில் நேரம் பெற்றவர்கள் டாம் டூல்கிட்டின் பக்கத்திலிருந்தே கோரிக்கையை அனுப்பிவிட முடிகிறது. குறை என்னவென்றால், இது ஒரு குழுவின் உள்வீட்டுக் கருவி. நமது பட்டியல் நம்மிடம்தான் இருக்கும், வெளியே சொல்வதற்கு, குழுக்களிடையே செய்தி பரிமாறும் ஹெர்மிஸ் போன்ற வேறொரு சேவையோடு இணைக்க வேண்டும்.

ஸ்கைபோர்ட்டல் இதற்கு நேர் எதிரானது. கலிஃபோர்னியாவில் இஸட்டிஎஃப் என்னும் வான் அளவாய்வுக்காக ஃப்ரிட்ஸ் என்ற பெயரிலும், கிராண்ட்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்புக்காக இக்காரே என்ற பெயரிலும் இயங்கும் இந்த மென்பொருளில் எல்லாமே இருக்கின்றன. எச்சரிக்கை வந்தவுடன் நிகழ்வுக்கான பக்கம் தானாகத் திறக்கிறது. வரைபடத்தைப் புலங்களாகப் பிரித்து ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் நோக்கல் திட்டத்தைக் கணித்துத் தருகிறது. சந்தேகத்துக்குரிய பொருள்களின் ஒளிவளைவு (நேரத்தோடு ஒளி மாறும் விதம்), நிறமாலை, கண்டறி படம், அவற்றைப் பற்றிய விவாதம் ஆகியவை ஒரே பக்கத்தில் சேர்கின்றன. யார் எந்த நேரத்துக்குப் பணியில் இருப்பது என்ற முறைப்பட்டியலையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம். நமக்கு அண்டையில், ரியூனியன் தீவின் லே மாக் மலையில் இருக்கும் டாரோ தொலைநோக்கியும் கிராண்ட்மாவின் உறுப்புத்தான். இந்துமாக்கடலின் நடுவே ஒரு தீவில் நிற்கும் சிறு தொலைநோக்கி பல கண்டங்களின் கருவிகளோடு ஒரே திட்டத்தின் கீழ் வேலை செய்வதைப் பார்ப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

ஸ்கைபோர்ட்டலின் மிகச் சிறந்த அம்சம் என்று நான் கருதுவது அதன் அனுமதி முறை. ஒவ்வொரு ஒளி அளவீடும், ஒவ்வொரு குறிப்பும் எந்தக் குழுவுக்குத் தெரியலாம் என்பதைத் தனித்தனியே வரையறுக்க முடியும். தரவை முற்றிலும் மூடிவைப்பது, முற்றிலும் திறந்துவிடுவது என்ற இரண்டே வழிகள் இருக்கும் இடத்தில் எச்சரிக்கையான மனிதர்கள் மூடிவைப்பதையே தேர்ந்தெடுப்பார்கள். இடைப்பட்ட படிகளைக் கொடுத்தால் பலர் மெல்லத் திறக்கிறார்கள். ஆனால் இதை நிறுவி நடத்துவது எளிதன்று. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், பின்னணியில் ஓடும் பல சேவைகள், அடிக்கடி வரும் புதிய பதிப்புகள் ஆகியவற்றைக் கவனிக்கச் சர்வர் நிர்வாகம் அறிந்த ஒருவர் நிரந்தரமாக வேண்டும். ஐந்தாறு பேர் கொண்ட பல்கலைக்கழகக் குழு இதைத் தனியே நிறுவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே இயங்கும் ஒன்றில் உறுப்பினராகச் சேர்வதே நல்லது.

நான்காவதான ஆஸ்ட்ரோ-கொலிப்ரி கைப்பேசியில் வாழ்கிறது. பிரான்சின் சாக்லே ஆய்வு மையத்தில் பணிபுரிவோரை மையமாகக் கொண்ட குழு உருவாக்கிய இந்தச் செயலி, ஈர்ப்பு அலை, காமா கதிர் வெடிப்பு, நியூட்ரினோ, சூப்பர்நோவா என்று எந்த வகை நிகழ்வு வேண்டுமோ அதற்கு மட்டும் உடனடி அறிவிப்பை அனுப்புகிறது. நிகழ்வைத் தொட்டால் வானில் அதன் இடம், அருகில் அண்மையில் நடந்த பிற நிகழ்வுகள், தேர்ந்தெடுத்த வானாய்வகத்திலிருந்து எப்போது தெரியும் என்ற வரைகோடு ஆகியவை வருகின்றன. மின்வெட்டு நேரங்களில் வீட்டு இணையம் நின்றுவிடும் நமது ஊரில், கைப்பேசித் தரவில் சில விநாடிகளில் வந்து சேரும் இந்த அறிவிப்பின் அருமை தனி. ஆயாவிடம் (பாட்டியிடம்) தமிழ் பழகிய, டர்பன் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த இயற்பியல் மாணவி ஒருவர் இதைத் தொடர்ந்து பயன்படுத்துகிறார். அண்மையில் ஒரு காமா கதிர் வெடிப்பு வந்தபோது நான் கணினியைத் திறப்பதற்குள் அவரிடமிருந்து செய்தி வந்துவிட்டது: "அண்ணா, இங்கே ஒரே மேகம். சதர்லாந்தில் இது நள்ளிரவுக்கு மேல்தான் முப்பது பாகை ஏறும் போலிருக்கிறது, அவசரமில்லாமல் திட்டம் போடலாம்." இளங்கலை மாணவர் ஒருவர் இவ்வளவு விரைவாக, இவ்வளவு சரியாக ஒரு நிகழ்வை எடைபோட முடிகிறதென்றால் அந்தச் செயலியை அமைத்தவர்கள் பாராட்டுக்குரியவர்கள். யார் எங்கே பார்த்து முடித்தார்கள் என்பதை இதில் முழுமையாக அறிய முடியாது; அதற்கு டிரெஷர் மேப்புக்குத்தான் போக வேண்டும்.

நான்கையும் சோதிக்கும் நெருக்கடி இனிமேல்தான் முழு அளவில் வரப்போகிறது. சிலியின் ரூபின் வானாய்வகம் ஒவ்வோர் இரவும் வானில் மாறியவற்றைப் பற்றி ஏறத்தாழ ஒரு கோடி அறிவிப்புகளை அனுப்பும் வகையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஃபிங்க், லசேர் உள்ளிட்ட ஏழு இடைச்சேவைகள் அவற்றைச் சலித்துத் தருகின்றன. சலித்த பிறகும் மிஞ்சும் பொருள்களில் எதற்கு நிறமாலை எடுப்பது என்ற தீர்ப்பு மனிதருடையதாகவே இருக்கும். 2025 ஆகஸ்ட் 18 அன்று வந்த எச்சரிக்கையைத் தொடர்ந்து கண்டறியப்பட்ட ஏடி2025யுஎல்இஸட் என்ற பொருள், முதல் சில நாட்கள் கிலோநோவாவைப் போலச் சிவந்து மங்கிப் பின்னர் மீண்டும் பிரகாசமடைந்து சூப்பர்நோவாவின் அடையாளங்களைக் காட்டியது. அந்தச் சில நாட்களில் ஒவ்வொரு குழுவும் எடுத்த அளவீடு மற்றவர்களுக்கு எவ்வளவு விரைவில் கிடைத்தது என்பதைப் பொறுத்தே பெரிய தொலைநோக்கிகள் தொடர்வதா விடுவதா என்று முடிவுசெய்ய முடிந்தது. சந்தேகத்துக்குரிய பொருள்களை வரிசைப்படுத்தும் இந்த வேலையில் ஸ்கைபோர்ட்டலே முன்னே நிற்கிறது, டிரெஷர் மேப் இன்னும் வளர வேண்டும்.

சிலிக்கும் சதர்லாந்துக்கும் இடையே ஆறு மணி நேரமும், சதர்லாந்துக்கும் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்குக்கும் இடையே எட்டரை மணி நேரமும் இருக்கின்றன. தென்வானில் அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு ஆப்பிரிக்காவின் தெற்கு முனையில் இருப்பவர்களுடையது. இங்கே வேலை தொடங்கும் ஆய்வாளருக்கு என் பரிந்துரை இது: ஆஸ்ட்ரோ-கொலிப்ரியை இன்றே கைப்பேசியில் நிறுவிக்கொள்ளுங்கள்; டிரெஷர் மேப்பில் கணக்குத் திறந்து, உங்கள் கருவியின் நோக்குப் புல வடிவம் அதில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அடுத்த எச்சரிக்கை வருவதற்கு முன்பே அதைச் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் நிகழ்வு நடந்துகொண்டிருக்கும் இரவில் அந்த வேலைக்கு நேரம் இருக்காது. சொந்தத் தொலைநோக்கி நேரம் உள்ள சிறு குழு டாம் டூல்கிட்டை எடுத்துக்கொள்ளலாம். நோக்கல் முடிந்தவுடன் டிரெஷர் மேப்புக்குத் தானாகச் செய்தி அனுப்பும் நாலு வரி நிரலை அதனோடு இணைத்துவிட்டால், அதிகாலையில் களைத்திருக்கும் மனிதரின் நினைவை நம்ப வேண்டியதில்லை.